தானமாக வந்த மாட்டின் பல்: யாழ்ப்பாணத்தில் 1990 அம்புலன்ஸ்

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் இலவச அம்புலன்ஸ் விடயத்தில் பார்த்தே ஆகவேண்டும். வண்டி இந்திய நன்கொடையில் வந்தது, சரி. இன்று அதற்கு எண்ணெய் அடிப்பதும் ரயர் மாற்றுவதும் ஓட்டுபவருக்குச் சம்பளம் கொடுப்பதும் இலங்கைத் திறைசேரி, எங்கள் வரிப்பணத்தில். அதாவது பால் கறக்கிறவர்களும் தீனி போடுகிறவர்களும் நாங்களேதான். அப்படியென்றால் பல்லையும் பார்க்கலாம், காலையும் பார்க்கலாம்.

சேவையின் பெயர் '1990 சுவசெரிய'. முதலில் 2016 ஜூலையில் மேல், தென் மாகாணங்களில் மட்டும் 88 வண்டிகளோடு தொடங்கியது. இந்தியா கொடுத்த 7.56 மில்லியன் டொலரில் வண்டிகள், அழைப்பு மையம், பயிற்சி, முதல் ஆண்டு இயக்கச் செலவு எல்லாம் அடக்கம். பிறகு 15.09 மில்லியன் டொலரில் மேலும் 209 வண்டிகள். மொத்தம் 297. இரண்டாவது கட்டத்தின் தொடக்க விழா 2018 ஜூலை 21 அன்று யாழ்ப்பாணத்தில்தான் நடந்தது. இந்தியப் பிரதமர் டில்லியிலிருந்து காணொளியில் பேசினார். கொழும்பில் தொடங்கி, கடைசியாக ஞாபகம் வந்தால் வடக்குக்கு அனுப்புகிற வழக்கமான வரிசை இதில் இருக்கவில்லை. நாடு முழுவதற்குமான விரிவாக்கத்தில் வடக்கு முன்வரிசையில் இருந்தது.

அழைத்தால் என்ன நடக்கும்? 1990 என்ற இலக்கத்துக்கு எந்தத் தொலைபேசியிலிருந்தும் கட்டணமின்றி அழைக்கலாம். அழைப்பு போய்ச் சேர்வது ராஜகிரியவில் இருக்கும் மையத்துக்கு. தமிழில் பேசலாம். அங்கே இருப்பவர் விவரத்தை எழுதிக்கொண்டு, உங்களுக்குக் கிட்ட நிற்கும் வண்டியைத் திரையில் பார்த்து அனுப்புவார். வண்டியில் இரண்டு பேர் வருவார்கள்: ஓட்டுநர், அவசர மருத்துவ உதவியாளர். வைத்தியர் வரமாட்டார். நோயாளியை அருகிலுள்ள அரச வைத்தியசாலைக்குக் கொண்டுபோவார்கள். தனியார் ஆஸ்பத்திரிக்கு இல்லை. காசு ஒரு சதமும் இல்லை. கேட்டாலும் கொடுக்க வேண்டியதில்லை, கேட்காவிட்டாலும் கையில் திணிக்க வேண்டியதில்லை.

ராஜகிரிய என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர். உங்கள் அழைப்பை எடுப்பவருக்கு உங்கள் ஊர் தெரியாது. தெரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. இந்தச் சேவை எங்கள் பக்கத்தில் தடுமாறும் இடங்களில் முதன்மையானது இதுதான்: முகவரி.

'பிள்ளையார் கோயிலடி' என்பது யாழ்ப்பாணத்தில் முகவரி அல்ல. எந்தப் பிள்ளையார்? 'அம்மன் கோயில் ஒழுங்கை' அதைவிட மோசம். வல்வெட்டி வேறு, வல்வெட்டித்துறை வேறு. அச்சுவேலி வேறு, அச்செழு வேறு. உடுவிலையும் உடுப்பிட்டியையும் பதற்றத்தில் பாதி விழுங்கிச் சொன்னால் வலிகாமத்துக்குப் போக வேண்டிய வண்டி வடமராட்சிக்குத் திரும்பும். 'நல்லூர்' என்றால் கோயிலடியா, பிரதேச செயலகப் பிரிவா? பெரிதிலிருந்து சிறிதுக்கு வரவேண்டும்: மாவட்டம், பிரதேச செயலகம், ஊர், பிரதான வீதி, கிட்டிய சந்தி, ஒழுங்கையின் பெயர், கடைசியில்தான் கோயில். கோயிலைச் சொல்வதானால் முழுப் பெயரையும் சொல்லுங்கள். கிராம அலுவலர் பிரிவின் 'ஜே' இலக்கம் தெரிந்தால் அதையும் சேர்க்கலாம். இலக்கத்தில் குழப்பத்துக்கு இடமில்லை.

இந்த முகவரி வரியை ஒரு தாளில் எழுதி, தொலைபேசி வைக்கும் இடத்திலோ சாமிப் படத்துக்குப் பக்கத்திலோ ஒட்டி வைப்பது நல்லது. பிள்ளைகள் வெளிநாட்டில், பெற்றோர் மட்டும் வீட்டில் என்று எத்தனையோ வீடுகள் இங்கே உண்டு. அழைப்பது அறுபது வயது தாண்டியவராகவோ, உதவிக்கு வந்து நிற்கும் வேலைக்காரப் பிள்ளையாகவோ இருக்கலாம். அந்த நேரத்தில் அவர்கள் யோசிக்கக் கூடாது, வாசிக்க மட்டும் வேண்டும். ஸ்மார்ட் போன் கையில் உள்ளவர்களுக்கு 1990 செயலி உண்டு. அது இருக்கும் இடத்தைத் தானே அனுப்பும். ஆனால் நெஞ்சு நோகும்போது செயலி தரவிறக்குவது நடக்கிற காரியமில்லை. இன்றே போட்டு வைக்க வேண்டும்.

மையத்தில் கேட்பவற்றுக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லுங்கள். என்ன நடந்தது, எத்தனை பேர், வயது என்ன, சுயநினைவு இருக்கிறதா, மூச்சு விடுகிறாரா. அவர்கள் வைக்கும் வரை நீங்கள் போனை வைக்க வேண்டாம். வைத்த பிறகு அந்தப் போனில் மாமாவுக்கும் சித்திக்கும் செய்தி சொல்லத் தொடங்கவும் வேண்டாம். வண்டியில் வருபவர் வழி கேட்டு அந்த இலக்கத்துக்குத்தான் திருப்பி எடுப்பார். 'பிசி' என்று வந்தால் அவர் சந்தியில் நின்று ஓட்டோக்காரரிடம் விசாரிக்க வேண்டியதுதான். சொந்தங்களுக்குச் சொல்ல இன்னொரு போன்.

அடுத்தது ஒழுங்கை. எங்கள் ஒழுங்கைகள் மாட்டுவண்டிக்கு அளவெடுத்தவை. இரு பக்கமும் மதில், நடுவில் மின்கம்பம், மதிலுக்கு மேலால் எட்டிப் பார்க்கும் மாங்கொப்பு, வாசலில் பாதி வீதியை எடுத்து நிற்கும் ஹயஸ் வான். வண்டி வரமுடியாத ஒழுங்கை என்றால் அழைக்கும்போதே சொல்லிவிட வேண்டும். ஒருவர் ஒழுங்கை முகப்பில் நிற்கட்டும். இரவென்றால் டோர்ச்சோடு. படலை முழுதாகத் திறந்திருக்கட்டும், நாயைக் கட்டி வையுங்கள். வண்டி வந்த பிறகு திறப்பைத் தேடுவதில் போகும் நிமிடங்களை எந்த நாட்டின் நிதியுதவியும் திருப்பித் தராது.

வண்டி வரும்வரை செய்யக்கூடியவை சில, செய்யக்கூடாதவை அதைவிடக் கூட. நெஞ்சு நோவென்றால் நடக்க விடாமல் சாய்த்து இருத்துங்கள். வாய் கோணி, கை விழுந்தால் அது தொடங்கிய நேரத்தைக் குறித்து வையுங்கள். பக்கவாதத்துக்கு இரத்தக்கட்டி கரைக்கும் மருந்து ஏற்றுவதானால் நான்கரை மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும். அந்த மணிக்கூடு வைத்தியசாலை வாசலில் தொடங்குவதில்லை, நோயாளி கடைசியாக நல்லாயிருந்த நேரத்திலிருந்து ஓடத் தொடங்கிவிடும். பாம்பு கடித்தால் கடிபட்ட காலை ஆடாமல் அசையாமல் வைத்திருங்கள். கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். விஷமுறிவு மருந்து வைத்தியசாலையில்தான் ஏற்றுவார்கள். நாகமா புடையனா சுருட்டையா என்று அடித்துப் பிடித்துக் கொண்டுபோகத் தேவையில்லை, இன்னொருவர் கடி வாங்காமல் இருந்தால் போதும். வீதி விபத்தில் விழுந்தவரை நாலு பேர் கையிலும் காலிலும் பிடித்து ஓட்டோவுக்குள் மடித்துப் போடுவது எங்கள் பழக்கம். முள்ளந்தண்டு அடிபட்டிருந்தால் அந்த மடிப்பே ஆளை வாழ்நாள் முழுக்கப் படுக்கையில் போட்டுவிடும். கழுத்துப் பட்டியும் முதுகுப் பலகையும் வரும்வரை, இரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பதுதான் பெரிய உதவி. கிளினிக் கொப்பி, குடிக்கும் குளிசைகள், அடையாள அட்டை மூன்றையும் ஒரு பையில் போட்டு வைத்தால் சரி.

எதற்கு அழைக்கக் கூடாது என்பதும் சேவை விமர்சனத்தில் சேர வேண்டியது. கிளினிக்குக்குப் போய்வர, வைத்தியசாலையில் துண்டு வெட்டியவரை வீட்டுக்குக் கொண்டுவர, ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற, இறந்தவரின் உடலை எடுத்துவர: இவை எதற்கும் 1990 இல்லை. அந்த வண்டி உங்கள் வீட்டு வாசலில் நிற்கும்போது பக்கத்து ஊரில் ஒருவருக்கு அது இல்லை என்று பொருள். அதே காரணத்துக்காக, அழைத்துவிட்டுப் பொறுமையிழந்து ஓட்டோவில் ஏற்றிப் போனால் திருப்பி அழைத்துச் சொல்லிவிட வேண்டும். ஒரே விபத்துக்கு மூன்று பேர் மூன்று இடப்பெயர் சொல்லி அழைப்பதும் மையத்தைக் குழப்பும். ஒருவர் பேசட்டும்.

சேவை எப்படி என்று கேட்டால், 10க்கு 8 கொடுக்கலாம். மிச்ச இரண்டும் எங்கே போனது என்பதில்தான் வெளிநாட்டு உதவி பற்றிய பாடம் இருக்கிறது.

முதலில் நல்ல பக்கம். அம்புலன்ஸ் என்பது முன்பு வைத்தியசாலையின் வாகனம். ஒரு வைத்தியசாலையிலிருந்து இன்னொன்றுக்கு நோயாளியை மாற்றத்தான் பெரும்பாலும் ஓடும். வீட்டிலிருந்து வைத்தியசாலை வரைக்குமான பாதை யாருடைய பொறுப்பும் இல்லை. ஓட்டோவும் பக்கத்து வீட்டு வானும்தான். 297 வண்டியை மட்டும் வாங்கி மாவட்டம் மாவட்டமாகப் பங்கிட்டிருந்தால் அந்த நிலைமை மாறியிராது. வண்டிகள் வைத்தியசாலை முற்றங்களில் நின்றிருக்கும். மாற்றியது வேறு மூன்று விடயங்கள். ஒன்று, நாடு முழுவதற்கும் ஒரே இலக்கம், ஒரே மையம். இரண்டு, இந்தியாவில் 108 அம்புலன்ஸ் சேவையை நடத்திய ஜிவிகே ஈஎம்ஆர்ஐ நிறுவனம் இயக்கும் முறையைக் கொண்டுவந்து பயிற்சி கொடுத்தது. வேலையைச் செய்தவர்கள் உள்ளூர்ப் பிள்ளைகள். இந்தியர்கள் வந்து ஓட்டப் போகிறார்கள், உளவு பார்க்கப் போகிறார்கள் என்று 2016இல் தெற்கில் எழுந்த கூச்சல் அப்படியே அடங்கிப் போனது. மூன்றாவதுதான் முக்கியம்: 2018ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் சுவசெரிய மன்றம் அமைக்கப்பட்டது. நன்கொடை தீரும்போது பொறுப்பெடுக்க ஒரு சட்டபூர்வமான ஆள் இருந்தார். இரண்டு மாகாணங்களில் ஓட்டிப் பார்த்து, பிழை திருத்தி, சட்டம் போட்டு, பிறகு விரித்தார்கள். உதவியைச் சீர்திருத்தமாக மாற்றுவது என்று மாநாடுகளில் பேசுவார்களே, அது நடைமுறையில் இந்த வரிசைதான்.

இப்போது கணக்கு. 22.65 மில்லியன் டொலரை 297ஆல் பிரித்தால் வண்டிக்கு ஏறத்தாழ 76,000 டொலர், மையமும் பயிற்சியும் சேர்த்து. மலிவு. ஆனால் ஒரு வண்டி 24 மணி நேரமும் ஓட, 12 மணி நேர முறை என்று வைத்தாலும் நாளுக்கு நான்கு பேர் வேண்டும். விடுமுறை, சுகயீனம், பயிற்சி எல்லாம் பார்த்தால் ஐந்துக்குக் குறையாது. 297க்கு 1,500 பேரளவில் சம்பளப் பட்டியல், ஒவ்வொரு மாதமும், எல்லாக் காலத்துக்கும். நன்கொடை ஒரு முறை வந்தது, சம்பளம் மாதம் தவறாமல் வரும். உதவி ஒப்பந்தம் எதையும் கையில் எடுத்தால் முதலில் தேட வேண்டிய பக்கம் இதுதான்: கொடுத்தவர் போன பிறகு மாதச் செலவு யாருடைய வவுச்சரில் விழும்? 1990இல் அந்தப் பக்கம் வெறுமையாக விடப்படவில்லை.

வெறுமையாக விடப்பட்டால் என்ன ஆகும் என்று பார்க்க யாழ்ப்பாணத்தை விட்டுத் தாண்டத் தேவையில்லை. பொது நூலகத்துக்குப் பக்கத்தில், புல்லுக்குளத்தடியில் எழுந்து நிற்கும் கலாசார மையமும் இந்திய நன்கொடைதான், 11 மில்லியன் டொலர் அளவில். 600 பேர் இருக்கக்கூடிய அரங்கு, அருங்காட்சியகம், மாடிக் கோபுரம். 2015 மார்ச்சில் அடிக்கல், 2022 மார்ச்சில் இணையவழித் திறப்பு, மக்களிடம் கையளித்தது 2023 பெப்ரவரி 11. கட்டடம் முடிந்தும் இழுபட்டதற்குப் பெரிய காரணம், மின்கட்டணமும் குளிரூட்டியும் மின்தூக்கியும் பராமரிப்பும் மாநகர சபையின் வருமானத்துக்குள் அடங்காது என்பது. சோலைவரி வாங்கி ஓடும் ஒரு சபையிடம் அந்த அளவு கட்டடத்தைக் கொடுத்தால் அது என்ன செய்யும்? அந்தக் கேள்வியை அடிக்கல் நாட்டும் நாளிலேயே கேட்டிருக்க வேண்டும்.

குடிநீர் இன்னும் நீண்ட கதை. யாழ்ப்பாணம்–கிளிநொச்சி நீர் வழங்கல் திட்டத்துக்கு ஆசிய அபிவிருத்தி வங்கி 2010இல் கடன் ஒப்புதல் கொடுத்தது. கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்திலிருந்து தண்ணீர் கொண்டுவருவது முதல் திட்டம். கிளிநொச்சி விவசாயிகள் மறுத்தார்கள். சிறுபோகத்துக்கே தண்ணீர் போதாத குளத்திலிருந்து குடாநாட்டுக்குக் குழாய் போடுவதை அவர்கள் எப்படி ஏற்பார்கள்? கடைசியில் தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையம், நாளுக்கு 24,000 கனமீற்றர், 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். ஒப்புதலுக்கும் திறப்புக்கும் இடையில் 14 ஆண்டு. நிலையம் தேவையில்லை என்பதல்ல. சுண்ணக்கல் நிலத்தில் கிணற்று நீரில் சேரும் நைத்திரேற்று மாசுக்கு வேறு வழி தேடித்தான் ஆகவேண்டும். ஆனால் கடல்நீரைச் சவ்வு வழியே தள்ளக் கனமீற்றருக்கு 3 முதல் 4 அலகு மின்சாரம் போகும். முழு அளவில் ஓடினால் நாளுக்கு 72,000 முதல் 96,000 அலகு. சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனைப்படி மின்கட்டணம் செலவுக்கு ஈடாக இருக்க வேண்டும் என்ற காலத்தில் அது என்ன பில் என்பதை நீங்களே பெருக்கிப் பாருங்கள். அதோடு இது நன்கொடையும் அல்ல, பெரும்பகுதி கடன்.

அம்புலன்ஸுக்கே திரும்புவோம். புள்ளி குறைந்ததற்கு முதல் காரணம், வண்டியின் வயது. 2016இலும் 2018இலும் வந்தவை இரவு பகலாக ஓடும் வண்டிகள். வீட்டுக் காரோடு ஒப்பிடக்கூடாது. நன்கொடையில் வண்டி இருந்தது, வண்டியை மாற்றும் நிதி இருக்கவில்லை. அந்நியச் செலாவணி இல்லாமல் 2022இல் நாடு கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியபோது, உதிரிப்பாகம் இறக்குமதியாகும் எந்த வாகனத்துக்கும் என்ன கதி என்று எல்லோரும் பார்த்தோம். ஒவ்வொரு ஆண்டும் வண்டியின் விலையில் எட்டில் ஒரு பங்கை ஒதுக்கி வைத்திருந்தால் எட்டாம் ஆண்டில் புதிய வண்டி வாங்கலாம். திறைசேரி அப்படிச் சேர்த்து வைக்கிற இடமல்ல. ஆண்டு முடிந்தால் செலவழியாத காசு திரும்பிப் போய்விடும். முதன்மை மிகையை (வட்டிச் செலவைக் கழிக்காமல் பார்த்தால் அரச வருமானம் செலவைத் தாண்டும் அளவை) மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.3 வீதத்தில் வைத்திருக்க வேண்டும் என்ற நாணய நிதிய இலக்கும் சேர்ந்தால், 'இந்த ஆண்டு ஓடுகிறதுதானே, அடுத்த ஆண்டு பார்ப்போம்' என்பதே பதிலாக இருக்கும். பிறகு வண்டிகள் ஒரே காலத்தில் வந்தவை என்பதால் ஒரே காலத்தில் விழும். மறுபடியும் கொடையாளியைத் தேடுவோம். மன்றச் சட்டத்துக்குள் தனியான மாற்றீட்டு நிதி ஒன்றை வைப்பதுதான் இதற்கு மருந்து. அடுத்த நன்கொடையாளரிடம் வண்டி கேட்பதற்குப் பதில் அந்த நிதிக்கு முதல் வைப்பைக் கேட்கலாம்.

இரண்டாவது, 'அருகிலுள்ள வைத்தியசாலை' என்ற விதி. தெல்லிப்பழை, மந்திகை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைகள் மாகாணத்தின் கீழ். யாழ் போதனா வைத்தியசாலை மத்திய அமைச்சின் கீழ். 1990 தனி மன்றம். மூன்று நிர்வாகம், ஒரு நோயாளி. அருகிலுள்ள இடத்தில் முதலுதவி கொடுத்து, பிறகு அந்த வைத்தியசாலையின் சொந்த அம்புலன்ஸில் யாழ்ப்பாணத்துக்கு மாற்ற வேண்டி வந்தால், அந்த இரண்டாவது பயணம் 1990இன் கணக்கில் இல்லை. எந்த நோய்க்கு எந்த வைத்தியசாலை, எந்த நேரத்தில் அங்கே ஸ்கான் வேலை செய்கிறது என்பதை மையமும் மாகாணமும் போதனாவும் ஒரே பலகையில் எழுதி வைத்தால் இதில் பாதி தீரும். காசு வேண்டியதில்லை. கையெழுத்து வேண்டும். அதனால்தான் கஷ்டம்.

கடைசி, தீவுகள். வேலணை, புங்குடுதீவு, காரைநகர் பாலத்தால் தொடுபட்டவை. வண்டி போகும். நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவுக்குப் பாலமில்லை. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் வண்டியின் கடைசி எல்லை குறிகட்டுவான் இறங்குதுறை. தீவிலிருந்து ஆளைப் படகில் ஏற்றுவதென்று முடிவானால், படகு கயிறு அவிழ்க்க முன்னமே 1990க்கு எடுத்து, 'குறிகட்டுவான் இறங்குதுறை, இத்தனை மணிக்குப் படகு வரும், இந்த நிலைமையில் ஆள்' என்று சொல்லி வையுங்கள். தீவு வைத்தியசாலை ஊடாகப் போகிறீர்கள் என்றால் அவர்கள் தங்கள் வண்டியை ஒழுங்கு செய்துவிட்டார்களா என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். நெடுந்தீவிலிருந்து படகு வர ஒரு மணி நேரமளவு. கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை.